பொடக்காலி விளக்கு

கோயமுத்தூரில் யாருக்கும் முகம் வாடுவதே இல்லை என்று இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. எல்லாம் சிறுவாணித் தண்ணீர் என்று சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தண்ணீர் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது. நான்தான் காரணம்.

என் பெயர் யுவராஜ். வீட்டுக்குள் எந்த விளக்கு எங்கே, எவ்வளவு, எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்போம். வீட்டுக்காரர் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். நாங்கள் அண்ணாந்து கொட்டாவி விடுவதுபோல் நிற்போம். எதிரில் இருக்கும் ஆளைக் கடைசியில்தான் பார்ப்போம், அதுவும் அவர் மேல் நிழல் விழுகிறதா என்று பார்ப்பதற்காக. என் கழுத்து இதற்குப் பழகிப்போய், சும்மா இருக்கும்போதும் சற்று மேல்நோக்கியே நிற்கும். தெரியாதவர்கள் அதைத் திமிர் என்று நினைப்பார்கள். தெரிந்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஆரம்பத்தில் நான் யோக்கியமான வேலைதான் செய்துகொண்டிருந்தேன். நம் வீடுகளில் ஹாலுக்கு ஒரு டியூப்லைட்டை மாட்டிவிட்டு, அதற்குக் கீழே படிப்பு, சாப்பாடு, சண்டை எல்லாவற்றையும் நடத்தி முடித்துவிடுவார்கள். அவர்களுக்கெல்லாம் நான் பாடம் எடுப்பேன். அறை முழுக்கப் பரவ ஒரு வெளிச்சம் வேண்டும், வேலை செய்யும் இடத்துக்குத் தனியாக ஒன்று வேண்டும், சுவரில் மாட்டிய படத்தையோ மூலையில் இருக்கும் செடியையோ எடுத்துக்காட்ட இன்னொன்று வேண்டும் என்பேன். சமையல் மேடையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் உங்கள் நிழலைத்தான் நறுக்குவீர்கள் என்பேன். கண்ணாடிக்கு மேலே விளக்கு வைத்தால் மகாலட்சுமியும் பேய் மாதிரி தெரிவாள், இரண்டு பக்கமும் வையுங்கள் என்பேன். கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்கள். கடைசியில், "அதெல்லாஞ் சரிங், நடுவுல ஒரு டியூப்லைட்டு போட்டுருங்" என்பார்கள்.

அப்போதுதான் ஆல்வின் வந்து சேர்ந்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன். மூளை அவன் பொறுப்பு, வாய் என் பொறுப்பு என்று கம்பெனி ஆரம்பித்தோம்.

"அண்ணே, ஆளுவ ரூமைப் பாக்கவா வெளிச்சம் போடுதாவ? மூஞ்சியைப் பாக்கத்தான். அப்போ மூஞ்சிக்கு வெளிச்சம் போடுவோம்" என்றான் ஒரு நாள்.

"எப்படி?"

"கூரை முழுக்க கடுகு சைசுல விளக்கு. ஒவ்வொண்ணும் மூஞ்சியைத் தேடிக்கிட்டே இருக்கும். மாட்டுத அன்னைக்கு வீட்டு ஆளுவ எல்லாரையும் ஹால்ல நிறுத்திப் பதிஞ்சுக்கிடுவோம். அதுக்குப் பொறவு அந்த ஆளு எந்த ரூம்ல இருந்தாலும், அன்னைக்கு இருந்த மாதிரியே தெரியும்."

"களைச்சுப் போய் வந்தா?"

"கண்ணுக்குக் கீழ கருப்பு விழுத எடத்துல கொஞ்சம் கூடுதலா அடிக்கும். கன்னம் வெளுத்துப் போனா சிவப்பைக் கூட்டும். நெத்தியில கோடு விழுந்தா நிழலை எடுத்துரும். ஒண்ணுந் தெரியாது."

"இது பொய்யில்லையாடா?"

"பவுடர் போட்டா பொய்யா அண்ணே? இது தொடைச்சாலும் போகாத பவுடர். அவ்வளவுதான்."

நல்ல பதில் என்று பட்டது. எனக்குச் சாதகமான பதில் எதுவுமே எனக்கு நல்ல பதிலாகத்தான் படும். முகமலர் என்று பெயர் வைத்தேன். 'உங்கள் வீட்டில் இனி யாருக்கும் முகம் வாடாது' என்ற விளம்பர வாசகத்தையும் நானே எழுதினேன். எழுதிவிட்டு அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டி, அதற்கும் தனியாக ஒரு விளக்கு வைத்தேன்.

முதலில் மாட்டியது என் வீட்டில். வருகிற வாடிக்கையாளர்களுக்குக் காட்ட மாதிரி வீடு ஒன்று வேண்டுமே. பதிவு செய்த அன்று என் மனைவி தாரணி தலைக்குக் குளித்து, இளஞ்சிவப்புச் சேலை கட்டி, ஹால் நடுவில் வெட்கத்தோடு நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு விளக்கே தேவையில்லை, நானே எரிந்துகொண்டிருந்தேன். ஆல்வின் இரண்டு முகத்தையும் பதிந்தான். அதற்குப் பிறகு ஹால், படுக்கையறை, சமையலறை, பூஜையறை, பால்கனி, குளியலறை வரைக்கும் நாங்கள் அன்றைய தம்பதிகளாகவே நடமாடினோம். ஜன்னல் வழியே பகல் வெளிச்சம் வந்து கெடுத்துவிடக் கூடாது என்று கண்ணாடிகளுக்குப் படலமும் ஒட்டியாயிற்று.

ஒரே ஒரு இடம் மட்டும் விட்டுப்போயிற்று. சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின், கேஸ் சிலிண்டர், துடைப்பம், மாவரைக்கும் கிரைண்டர் எல்லாம் கிடக்கும் சின்ன இடம். பில்டர் வரைபடத்தில் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. தாரணி அவள் அம்மா வீட்டு வழக்கப்படி பொடக்காலி என்றுதான் சொல்வாள். அங்கே பழைய டியூப்லைட் ஒன்று இருந்தது. வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்க்காத இடத்துக்கு எதற்கு வெளிச்சம் என்று அப்படியே விட்டுவிட்டேன். வீட்டு விளக்குத் திட்டம் போடும் எல்லோரும் செய்யும் தவறு இது. வீட்டில் ஒரு பெண்பிள்ளை நாளில் பாதியை எங்கே கழிக்கிறாளோ அந்த இடம் எங்கள் வரைபடத்தில் இருக்காது.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஊரும் மெல்ல மாறியது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஹாலில் உட்கார மறுத்து, "பொண்ணை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டு வாங்" என்றார்கள். உச்சி வெயிலில் இரண்டு குடும்பமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க, பஜ்ஜி மாடிப்படி ஏறிப்போனது. காய்ச்சல் என்று சொன்ன பிள்ளைகளை, "மொகம் தெளிவாத்தானே இருக்குது, கெளம்பு" என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அழுதுவிட்டு வந்த மருமகளைப் பார்த்து மாமியார், "என்ன, சிரிச்ச மொகமா இருக்கற?" என்று கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். சிரித்தேன். அடுத்த பேட்டியில் அதையே ஒரு வேடிக்கையாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன்.

நம் பக்கத்தில் யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வரும். "ஏன், மொகம் வாடிக் கெடக்குது?" நன்றாக இருப்பவனையும் கேட்பார்கள். கேட்கக் கேட்க அவனுக்கும் ஏதோ குறை இருப்பது ஞாபகம் வந்து சொல்ல ஆரம்பித்துவிடுவான். அந்தக் கேள்வி ஊரில் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. எங்கள் வீட்டிலும் நின்றுபோயிற்று. எவனாவது ஒரு கட்டுமானக்காரனிடம் நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டு வந்து நிற்பேன். தாரணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காபியை நீட்டுவாள். ஒரு வார்த்தை கேட்கிறாளா பார் என்று உள்ளுக்குள் குமைவேன். அவள் கண்ணுக்கு நான் பதிவு நாள் யுவராஜாகவே ஜொலித்துக்கொண்டிருந்தேன் என்பது என் மண்டையில் ஏறவில்லை. மண்டைக்கு மேலேதான் ஆயிரம் விளக்கு எரிந்துகொண்டிருந்ததே.

இரண்டாவது வருடம் தாரணி சொல்ல ஆரம்பித்தாள்.

"ஏனுங், கொஞ்ச நாளாவே முடியறதில்லைங். படி ஏறுனா மூச்சு வாங்குது."

நான் அவளை ஏறிட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்புச் சேலை கட்டி நின்ற அன்றைக்கு இருந்த அதே கன்னம், அதே தெளிவு. "பாத்தா அப்படி ஒண்ணுந் தெரியலையே கண்ணு. நல்லாத்தானே இருக்கற" என்றேன்.

வீடியோவில் டாக்டரிடம் பேசினாள். அவரும் பார்த்துவிட்டு, முகம் பளிச்சென்று இருக்கிறது, சத்து மாத்திரை போட்டு ஓய்வெடுங்கள் என்றார். ஜெர்மனியில் படிக்கும் எங்கள் மகள், "அம்மாவைப் பாரு, வயசே ஏறமாட்டேங்குது" என்று பொறாமைப்பட்டாள். எல்லோரும் இப்படிச் சொன்னால் உடம்புக்காரிக்கே தன் உடம்பின் மேல் சந்தேகம் வந்துவிடும்.

அந்தக் காலத்தில்தான் அவள் அடிக்கடி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங், ஒரு நிமிசம் பொடக்காலிக்கு வர்றீங்களா?"

"அங்கிருந்தே சொல்லு, கேக்குது."

"கேக்கறதுக்கில்லைங். வந்து பாத்துட்டுப் போங்."

"மிஷின் மறுபடியும் ஒழுகுதா? ஆள் அனுப்பறேன்."

அனுப்பினேன். வந்தவன் ஒழுகாத மிஷினில் எதையோ முறுக்கிவிட்டுப் போனான். இன்னொரு முறை கூப்பிட்டாள், பிளம்பரை அனுப்பினேன். அப்புறம் ஒரு எலக்ட்ரீஷியன். அந்த வருடம் எங்கள் பொடக்காலியில் பழுதில்லாத பொருள் எல்லாம் பழுது பார்க்கப்பட்டது. நான் மட்டும் போகவில்லை. அந்த டியூப்லைட்டின் கீழே போய் நிற்பதே என் தொழிலுக்கு அவமானம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

என் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சீர்ச் சேலை எடுக்க ஒப்பணக்கார வீதியில் ரத்தினசபாபதியின் ஜவுளிக்கடைக்குப் போனோம். போகும் வழியெல்லாம் நான் தெருவிளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். கடைக்கு விளக்குத் திட்டம் என்னுடையது. துணிக்கு ஒரு வெளிச்சம், அதைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கும் முகத்துக்கு, பதியாத முகத்தையும் பளிச்சென்று காட்டும் கடை ரக முகமலர். தன் முகம் அழகாகத் தெரிந்தால் சேலை அழகாக இருக்கிறது என்று நினைத்து வாங்கிவிடுவார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. முதலாளி எங்களைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து உபசாரம் செய்தார்.

தாரணி ஒரு அரக்குச் சேலையை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். பிறகு அதைக் கையில் போட்டுக்கொண்டு எழுந்து வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்க போற?"

"வெளிய வெயில்ல ஒருக்கா பாத்துட்டு வந்தர்றனுங்."

எல்லாப் பெண்களும் செய்வதுதான். ஆனால் மற்ற பெண்களின் புருஷன் அந்தக் கடைக்கு விளக்குப் போட்டவன் இல்லை. ரத்தினசபாபதி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங் யுவராஜ், லைட்டு நீங்க போட்டது. உங்கூட்டு அம்மிணியே நம்பறதில்லீங்களா?"

எனக்கு மானம் போய்விட்டது. அவளை உள்ளே இழுத்துவர எழுந்து ஓடினேன். விற்பனைப் பெண் ஒருத்தியும் சேலைக்குக் காவலாகப் பின்னால் ஓடிவந்தாள்.

வாசற்படியில் நின்று தாரணி சேலையை உயர்த்திப் பிடித்தாள். "பாருங். உள்ளார அரக்கு. இங்க வந்தா செங்கல்."

செங்கல்தான். அதற்கு மறுப்புச் சொல்லலாம் என்று நிமிர்ந்தவன், சேலைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டேன்.

உதடு எது, கன்னம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு வெளுப்பு. கண் உள்ளே போயிருந்தது. அதைச் சுற்றி மை அப்பியதுபோல் கருப்பு.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கழுத்து தானாக மேலே திரும்பியது. இவ்வளவு மோசமான விளக்கை இங்கே எவன் வைத்தான் என்று தேடினேன். மேலே சூரியன் இருந்தது.

"தாரணி, ஏன் இப்படி இருக்கற?"

"எப்படிங்?" என்றாள். சட்டென்று படியில் உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள்.

"அக்கா, சீலை, சீலை" என்று விற்பனைப் பெண் பதறினாள். நான் சேலையோடு சேர்த்தே அவளைத் தூக்கி வண்டியில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபசீலி என்று ஒரு இளம் பெண். வந்ததும் நோயாளியைப் பார்க்காமல் கட்டிலின் காலில் இருந்த சக்கரப் பூட்டை எடுத்துவிட்டு, நர்சோடு சேர்ந்து கட்டிலையே ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார். கண்ணாடியைத் திறந்துவிட்டு, தாரணியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ஏன் டாக்டர், அங்கேயே வெளிச்சம் இருந்ததே?" என்றேன்.

"அது வெளிச்சமா சார்? விசிட்டர்ஸ் வந்து பயப்படக் கூடாதுன்னு மேனேஜ்மென்ட் வார்டு பூரா ஏதோ முகமலராம், போட்டு வெச்சிருக்காங்க. வாசல்லயே மூஞ்சியைப் பதிஞ்சு, சோர்வையெல்லாம் அழிச்சு உள்ள அனுப்பறாங்க. உள்ள வந்தா சாகக் கெடக்கறவங்களும் கல்யாணத்துக்கு வந்தவங்க மாதிரி தெரியறாங்க. ஒவ்வொரு பேஷண்டையும் ஜன்னலுக்குத் தள்ளிட்டு வந்துதான் பார்க்க வேண்டியிருக்கு. எந்தப் புண்ணியவான் சார் இதைக் கண்டுபிடிச்சான்?"

"யாரோ நாகர்கோவில் பையன்னு சொன்னாங்க" என்றேன்.

ரத்தம் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்காக உதிரப்போக்கு. "இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டு நடந்து போய் சேலை எடுத்தாங்களா?" என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இதயம் தாங்கியிருக்காது சார். வீட்ல யாருமே பார்க்கலையா?"

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பயந்தேன். அன்றைக்கு அவள் வெயிலுக்கு வராமல் போயிருந்தால், கடைசி வரை என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்துகொண்டிருந்து, ஒரு நாள் அப்படியே விழுந்திருப்பாள். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து, "என்னங், கொழந்தை பொறந்துருக்குதுங்களா? சந்தோசமா இருக்கறீங்?" என்று கேட்டார். அண்ணாந்து பார்த்தேன். கடுகு கடுகாக என் விளக்குகள்.

தாரணி பிழைத்தாள். ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஆல்வினைக் கூப்பிட்டு, எல்லா வீட்டிலும் முகமலரை அணைத்துவிடு என்றேன்.

"நாம அணைக்க முடியாது அண்ணே. வீட்டுக்காரங்க சொன்னாத்தான். ஒப்பந்தத்துல நீங்கதானே அப்படி எழுதச் சொன்னீய?"

அதனால் வீடு வீடாகப் போனேன். நானே விற்றதை, வேண்டாம் என்று சொல்ல நானே போனேன். முதலில் ரத்தினசபாபதி வீடு. நடந்ததையெல்லாம் சொன்னேன். உச்சுக் கொட்டினார்.

"பாவமுங். ஆனா எங்கூட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கறோம். எம்பட சம்சாரத்தைப் பாருங், அறுபது வயசுன்னு சொல்ல முடியுங்களா?"

முடியவில்லை. அந்த அம்மாள் ஹாலில் பூத்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு நிமிசம் போர்டிகோவுக்கு வர்றீங்களாம்மா? வெளிச்சத்துல பாத்தர்லாம்" என்று கெஞ்சினேன்.

"எனக்கு வெயிலு ஆகாதுங் தம்பி" என்றார் அந்த அம்மாள், இருந்த இடத்தை விட்டு அசையாமல்.

ரத்தினசபாபதி எதையோ யோசித்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிவதுபோல் இருந்தது. அதுவும் விளக்கின் வேலையோ என்னவோ. "நீங்க சொன்னதும்தானுங் தோணுச்சு" என்றார். "போர்டிகோவுல மாட்டாம விட்டுப்போச்சுங்களே. நாளைக்கே ஆளை அனுப்பிப் போட்டுக் குடுத்துருங்."

அன்றைக்குப் போன எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் நாய்க்கும் முகம் பதிய முடியுமா என்று கேட்டார்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் மட்டுமாவது அணைக்கலாமே என்றால், அதுவும் முடியாது. அழகு கெட்டுவிடும் என்று சாதாரண விளக்கு ஒன்றுகூட வைக்காமல் திட்டம் போட்ட மேதை நான். முகமலரை அணைத்தால் வீடே இருட்டு. மாற்று வயரிங்குக்கு ஆல்வின் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தான்.

தாரணி ஹால் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கன்னம், உதடு, கண் எல்லாம் நன்றாக இருந்தன. போன மாதம் செத்துக்கொண்டிருந்தபோதும் அவை இப்படித்தான் இருந்தன. தேறுகிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிய மனைவியின் எதிரில் நின்றுகொண்டு அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் விழித்தேன்.

"தாரணி, ஒரு நிமிசம் பொடக்காலிக்கு வர்றியா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இங்கிருந்தே சொல்லுங், கேக்குது" என்றாள்.

அவளே சிரித்துக்கொண்டு, சோபாவின் கையைப் பிடித்து எழுந்தாள்.

டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கூரையைப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே இன்னும் கருப்பு இருந்தது. நெற்றியில் இரண்டு கோடு, காதோரம் நரை, எல்லாம் எனக்குப் புதிது. ஆனால் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் அது அவளுடைய நிறம்.

"இதுக்குத்தானுங் அன்னைக்கெல்லாம் கூப்புட்டேன்" என்றாள் தாரணி. "வாயில சொன்னா நம்ப மாட்டீங், பாத்தா நம்புவீங்கன்னு. நீங்க பிளம்பரை அனுப்புனீங். அந்தப் பையன் உள்ள வந்ததுமே கேட்டான், 'ஏனுங்க்கா, உடம்புக்கு என்னங்?'னு."

"நீயாவது என்னைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கலாமே."

"எங்கீங். உங்க மொகத்தைப் பாத்தா எப்பவும் என்னமோ ஜெயிச்சுட்டு வந்தவராட்டவே இருப்பீங். அந்த மொகத்துகிட்டப் போயி மறுக்கா மறுக்கா என்னத்தைங் சொல்றது?"

சொல்லிவிட்டு அவள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். டியூப்லைட் என் தலைக்கு நேர் மேலே இருந்தது. எந்த வாடிக்கையாளருக்கும் நான் சிபாரிசு செய்யாத இடம். கண்ணும் கன்னமும் குழி விழுந்து தெரியும். அவள் ஒரு அடி கிட்டே வந்தாள்.

"ஏனுங், மொகம் ஏன் இப்படி வாடிக் கெடக்குது?"

அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று.

"லைட்டு அப்படி கண்ணு. பழைய டியூப்பு" என்றேன்.

"லைட்டை ஒண்ணுஞ் சொல்லாதீங். அது நல்லாத்தான் எரியுது" என்று அவள் வாளியைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினாள். "உக்காருங். என்ன ஆச்சுன்னு சொல்லுங்."

உட்கார்ந்தேன். சொல்ல ஆரம்பித்தேன்.